அம்மைப்பாலும் மக்கள் நம்பிக்கையும்

கொள்ளைநோயைத் தடுக்கும் மருந்து கண்டறியப்படுவது ஒன்று. அதனை மக்கள் மனமுவந்து ஏற்றுக்கொள்வது பிறிதொன்று. முன்னையது மருத்துவ நூலாரின் பணி. பின்னையது வரலாற்று மாணவர் ஆராய்தற்குரியது. ஈழநாட்டில் 1802 ஆம் ஆண்டு முதல் அண்மைக் காலம் வரை இவ்விரண்டும் எவ்வாறு இணைந்தும் முரணியும் வந்துள்ளன என்பதை, கொழும்பு மாநகரைச் சிறப்பாகக் கருத்திற்கொண்டு, ஈண்டு நோக்குவோம்.

வைசூரி நோயை நம் முன்னோர் ‘அம்மை’ என்றே வழங்கினர். நோய் கண்ட வீட்டில் வேப்பிலை செருகுவர், விருந்தினரை ஏற்கார், குளிர்ச்சியான உணவே கொடுப்பர். கொட்டாஞ்சேனையில் முத்துமாரியம்மன் பெற்றுள்ள வழிபாடும், மட்டக்களப்பில் வைகாசித் திங்களிற் கண்ணகியம்மனுக்கு நிகழும் சடங்கும், சிங்கள மக்களிடையே பத்தினித் தெய்யோ வழிபாடும் இவ்வச்சத்தோடு தொடர்புடையன. இவற்றை அறியாமை எனத் தள்ளிவிடுதல் தகாது. நோயாளியைத் தனிமைப்படுத்தும் நல்லறிவு இவ்வழக்கங்களுள் அடங்கியிருந்தது.

1796 ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் எட்வேட் ஜென்னர், மாட்டம்மைப் பாலை ஒரு சிறுவனின் கையில் ஏற்றி, வைசூரியைத் தடுக்கலாம் எனக் காட்டினார். அம்மருந்து பாக்தாது, பஸ்ரா வழியாக 1802 ஆம் ஆண்டு யூன் மாதம் பம்பாயை அடைந்தது. அவ்வாண்டிலேயே இலங்கையையும் எட்டியது. அப்பொழுது ஆள்பதியாக இருந்தவர் பிரெடெரிக் நோர்த். தொமஸ் கிறிஸ்தி என்னும் மருத்துவ அதிகாரி இப்பணியை முன்னின்று நடத்தினார். குளிரூட்டும் வசதியில்லாத அக்காலத்தில், ஒருவர் கையிலெழுந்த கொப்புளத்தின் பாலை எடுத்து மற்றொருவர் கையில் ஏற்றியே மருந்தைக் காத்தனர். சாதிக் கட்டுப்பாடு மிகுந்த இந்திய சமூகங்களில் இம்முறை எதிர்ப்பைப் பெற்றதில் வியப்பில்லை. யாருடைய கைப்பால் தம் பிள்ளையின் உடலிற் சேர்கின்றது என்னும் கேள்வி பெற்றோரைக் கலங்கச் செய்தது.

எனினும், ஐயம் கீழைநாட்டவர்க்கே உரியதன்று. இங்கிலாந்தில் 1853 ஆம் ஆண்டு அம்மைப்பால் கட்டுதல் குழந்தைகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டபோது பெற்றோர் பலர் தண்டப்பணம் செலுத்தினர். சிலர் சிறையும் புகுந்தனர். 1885 இல் லெஸ்ரர் நகரிற் பெருங்கூட்டமாகத் திரண்டு எதிர்த்தனர். ஈற்றில் 1898 ஆம் ஆண்டுச் சட்டம், மனச்சான்றின்படி மறுப்போருக்கு விலக்களித்தது. ஜென்னர் பிறந்த நாட்டிலேயே இந்நிலை எனின், பிறர் ஆட்சியிலிருந்த மக்கள் தயங்கியதைக் குறைகூறல் எங்ஙனம்?

இலங்கையில் 1886 ஆம் ஆண்டின் அம்மைப்பால் கட்டளைச் சட்டமும், 1897 ஆம் ஆண்டின் நோய்த்தடைக் காப்புச் சட்டமும் அரசுக்கு வன்மை தந்தன. தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் மண்டபம் முகாமிற் பல நாள் தங்கவைக்கப்பட்டு, அம்மைப்பால் கட்டப்பட்ட பின்னரே கடல் கடந்தனர். அவர்களுக்குக் கையிலிருந்த தழும்பு நலத்தின் அடையாளமாக மட்டுமன்றி, நாட்டினுள் நுழையும் அனுமதிச் சீட்டாகவும் தோன்றியிருக்கும். அவர்கள் பணிந்தனர், ஆயின், பணிதல் வேறு, நம்புதல் வேறு.

நம்பிக்கை பிறிதொரு வழியால் வளர்ந்தது. 1926 ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டது. அம்முறை நாடெங்கும் பரவியபின், மருத்துவமாதர் வீடு வீடாகச் சென்றனர். பெயர் சொல்லி அழைத்து, தாயின் நலம் வினவி, குழந்தையின் நிறை பார்த்த ஒருவர் ஊசி போடச் சொல்லும்போது மறுப்போர் சிலரே. 1978 இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் தொடங்கிற்று. 1993 க்குப் பின் இந்நாட்டில் இளம்பிள்ளைவாதம் காணப்படவில்லை. 2008 ஆம் ஆண்டில் ஐங்கூட்டுத் தடுப்பூசி பெற்ற சில சிசுக்கள் இறந்தபோது, அரசு அவ்வூசியை நிறுத்தி, வல்லுநரைக் கொண்டு ஆராய்வித்து, 2010 இலேயே மீண்டும் வழங்கியது. பெற்றோரின் அச்சத்தை இகழாது விடைகூறியமை ஈண்டுக் கருதத்தக்கது.

2020 இற் பரவிய கொவிட் நோய் இந்நம்பிக்கையைக் கடுஞ்சோதனைக்குள்ளாக்கியது. அவ்வாண்டிறுதியிற் கொட்டாஞ்சேனை உள்ளிட்ட வடகொழும்புப் பகுதிகள் பல வாரம் அடைக்கப்பட்டன. நாட்கூலியால் வாழ்ந்தோர் பெரிதும் இடருற்றனர். உலகச் சுகாதார நிறுவனம் அடக்கத்தையும் அனுமதித்திருந்தும், இறந்தோர் அனைவரையும் தகனஞ் செய்தல் வேண்டும் என்ற விதி 2021 பெப்ரவரி வரை நீடித்தது. முஸ்லிம் மக்களின் நெஞ்சை அது புண்படுத்தியது. அதற்காக அமைச்சரவை 2024 இல் மன்னிப்புக் கோரியது. நோயை மறைக்கத் தூண்டும் அச்சம் இத்தகைய விதிகளிலிருந்தே பிறக்கும்.

2021 சனவரி 29 அன்று, இந்தியா அன்பளிப்பாக வழங்கிய 5 இலட்சம் ஊசிகளைக் கொண்டு பணி தொடங்கியது. இந்தியாவில் நோய் பெருகி ஏற்றுமதி தடைப்பட்டதும், ஏறத்தாழ 6 இலட்சம் பேர் இரண்டாம் ஊசியின்றிக் காத்திருந்தனர். யூலை இறுதியில் யப்பான் வழங்கிய மருந்து வந்த பின்னரே அக்குறை நீங்கத் தொடங்கிற்று. இடையிற் சீனத்துச் சைனோபாம் பெருந்தொகையாக வழங்கப்பட்டது. விடியுமுன் வரிசையில் நின்ற முதியோரும், வெளிநாடு செல்லும் எண்ணத்தால் வேறு ஊசியை எதிர்பார்த்துத் தயங்கிய இளைஞரும் இந்நாட்டில் ஒரே காலத்திற் காணப்பட்டனர். பிள்ளைகள் பலரைக் கடல்கடந்து அனுப்பிய வெள்ளவத்தை போன்ற பகுதிகளில் இரண்டாவது எண்ணம் எளிதில் விளங்கும். இதனை மருந்தின்மேல் வெறுப்பு எனக் கூறல் பிழை. பெரும்பாலோர் கேட்டவை, ‘எது கிடைக்கும்? எப்போது கிடைக்கும்? யாருக்கு முதலிற் கிடைக்கும்?’ என்பனவே.

இருநூறு ஆண்டு வரலாறு கற்பிக்கும் பாடம் இதுவே. சட்டம் கையை நீட்டச் செய்யும்; மனத்தை நீட்டச் செய்யாது. நேர்மையான பங்கீடும், ஒளிவற்ற செய்தியும், மக்களின் வழக்கங்களுக்கு மதிப்பும், வீடு தேடி வரும் பணியாளரின் கனிவும் கூடிய இடத்திலேயே தடுப்பூசி தயக்கமின்றி ஏற்கப்பட்டது. வைசூரி உலகினின்றும் ஒழிந்தது என 1980 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. முத்துமாரியம்மன் சந்நிதியில் இன்றும் விளக்கெரிகின்றது. அங்கே தொழுது நிற்கும் தாய், தன் குழந்தைக்கு ஊசி போடவும் தவறுவதில்லை. பக்தியும் மருத்துவமும் அவள் உள்ளத்தில் பகைகொள்ளவில்லை. அவளது நம்பிக்கையைக் காத்தல் அடுத்த கொள்ளைநோய் வருமுன் ஆட்சியாளர் செய்யவேண்டிய பணியாகும்.