படிவம் 1099-கே: அமெரிக்காவில் இணையப் பணக் கணக்குகள் வழி வரும் வருவாயும் வரி அறிக்கையும்

படிவம் 1099-கே என்பது பேபால், வென்மோ, எட்சி, ஈபே, ஏர்பிஎன்பி போன்ற நிறுவனங்கள் வழியாகவோ கடன் அட்டை, பற்று அட்டை வழியாகவோ ஒருவருக்கு ஓராண்டில் வந்த பணத்தை அமெரிக்க உள்நாட்டு வருவாய்த் துறைக்கும் (ஐ.ஆர்.எஸ்.) அவருக்கும் ஒருசேரத் தெரிவிக்கும் தகவல் படிவம். பணத்தைப் பெற்றுக் கொடுக்கும் நிறுவனமே இதை நிரப்பி அனுப்புகிறது. பெற்றவர் கைக்கு அது ஜனவரி 31-க்குள் சேர வேண்டும். இந்தப் படிவத்தை ஒரு புது வரியாகவே பலர் எண்ணிவிட்டார்கள். அது வரி அன்று. அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு, எந்த வழியில் வந்தாலும் வருமானம் வருமானமே என்கிறது. படிவம் வந்தாலும் வராவிட்டாலும் கடப்பாடு மாறாது. சுயதொழிலில் செலவு போக ஆண்டுக்கு 400 டாலர் மிஞ்சினாலே கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். ஆனாலும் பதினேழு ஆண்டுகளாக நாடாளுமன்றமும் வரித்துறையும் வணிகர்களும் மல்லுக்கட்டியது, எத்தனை டாலருக்கு மேல் படிவம் அனுப்புவது என்ற ஒரே எண்ணைச் சுற்றித்தான். அந்த எண்ணைக் கூட்டுவதாலோ குறைப்பதாலோ இந்த ஏற்பாட்டின் கோளாறு தீராது. படிவம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதில்தான் கோளாறு இருக்கிறது.

படிவத்தின் பிறப்பு 2008 ஜூலையில் கையெழுத்தான வீட்டுவசதி, பொருளாதார மீட்புச் சட்டத்தில் நிகழ்ந்தது. வீட்டுக்கடன் நெருக்கடிக்காக எழுந்த அந்தச் சட்டத்தின் செலவை ஈடுகட்டும் வழிகளில் ஒன்றாக, வரிச் சட்டத்தில் 6050டபிள்யூ என்னும் பிரிவு சேர்ந்தது. 2011 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் பின்னே இருந்த எண்ணத்தைக் குறைசொல்ல முடியாது. கட்ட வேண்டிய வரிக்கும் கட்டிய வரிக்கும் உள்ள இடைவெளி பற்றிய வரித்துறை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டும் உண்மை ஒன்று உண்டு. முதலாளியே வரியைப் பிடித்துக்கொண்டு, தகவலையும் அனுப்பிவிடும் சம்பள வருமானத்தில் மறைக்கப்படுவது ஏறத்தாழ 1 விழுக்காடு. யாரும் தகவல் அனுப்பாத வருமானத்தில் மறைக்கப்படுவது ஏறத்தாழ 55 விழுக்காடு. சம்பளக்காரர் நேர்மையானவர், சிறுவணிகர் நேர்மையற்றவர் என்று இதற்குப் பொருள் கொள்வது அநியாயம். மூன்றாவது கண் பார்க்கும் இடத்தில் கணக்கு நேராகிறது என்பதே இதன் பொருள்.

அட்டை வழியே வரும் பணத்துக்கு அந்தச் சட்டம் எந்தக் கீழ்வரம்பும் வைக்கவில்லை. வங்கி கொடுத்த அட்டை இயந்திரத்தில் ஒரு கடைக்காரர் ஆண்டுக்கு 700 டாலர் வாங்கினாலும் படிவம் உண்டு. இணையப் பணக் கணக்குகளுக்கும் விற்பனைத் தளங்களுக்கும் மட்டும் இரட்டை வரம்பு: தொகை 20,000 டாலரைத் தாண்ட வேண்டும், பரிமாற்றங்களும் 200-ஐத் தாண்ட வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் படிவம். 150 விற்பனையில் 60,000 டாலர் ஈட்டியவருக்குப் படிவம் இல்லை. மூன்று தளங்களில் தலா 15,000 என்று பிரித்து விற்றவருக்கும் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்கை மட்டுமே பார்க்கிறது.

2021 மார்ச்சில் வந்த அமெரிக்க மீட்புத் திட்டச் சட்டம் இந்த வரம்பை ஒரே வெட்டில் 600 டாலராக்கியது; பரிமாற்ற எண்ணிக்கை நிபந்தனையையும் நீக்கியது. பத்தாண்டில் சுமார் 840 கோடி டாலர் கூடுதல் வருவாய் வரும் என்று நாடாளுமன்றத்தின் வரிவிதிப்புக் கூட்டுக்குழு மதிப்பிட்டது. 2022 முதல் நடப்புக்கு வரவேண்டிய இந்த விதியை, 2022 டிசம்பரில் வரித்துறையே ஓராண்டு தள்ளிவைத்தது. 2023 நவம்பரில் மறுபடியும் தள்ளியது. எதிர்பாராதவர்களுக்கெல்லாம் சேர்த்து ஏறத்தாழ 4.4 கோடிப் படிவங்கள் போய்ச் சேரும் என்று துறையே கணித்திருந்தது. அடுத்து, 2024-க்கு 5,000, 2025-க்கு 2,500, 2026 முதல் 600 என்று படிப்படியாக இறங்கும் திட்டம் வந்தது. கடைசியில் 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான ‘ஒன் பிக் பியூட்டிஃபுல் பில்’ சட்டம் 2021-இன் மாற்றத்தையே முன்தேதியிட்டு நீக்கி, பழைய 20,000, 200 வரம்புகளை மீட்டது. 600 டாலர் விதி சட்டப் புத்தகத்தில் நான்காண்டு இருந்தது; ஒரு நாளும் அமலாகவில்லை.

இவ்வளவு எதிர்ப்பு ஏன் கிளம்பியது என்பது படிவத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும். 1ஏ என்ற கட்டத்தில் ஆண்டின் மொத்த வரவு இருக்கும். 3-ஆம் கட்டத்தில் பரிமாற்ற எண்ணிக்கை. 5ஏ முதல் 5எல் வரை பன்னிரண்டு கட்டங்களில் மாதவாரித் தொகை. தளம் பிடித்துக்கொண்ட கமிஷன், வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுத்த பணம், அஞ்சல் செலவு ஆகிய எதற்கும் கட்டம் கிடையாது. கைவினைப் பொருள் விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டு வரவு 24,000 டாலர். அதில் 2,500 தளக் கட்டணம், 3,000 தளம் வழியே கட்டிய அஞ்சல் செலவு, 1,500 திருப்பித் தந்தது, 9,000 மூலப்பொருள் என்றால் அவருடைய வருமானம் 8,000 டாலர்தான். படிவமோ 24,000 என்கிறது. மீதி 16,000-க்கும் ரசீது காட்டும் பொறுப்பு அவர் தலையில். இந்த 16,000-இல் முதல் மூன்று இனங்களாகிய 7,000 டாலரின் கணக்கைத் தளமே காசு பிசகாமல் வைத்திருக்கிறது என்பதுதான் வருத்தம் தரும் செய்தி. தெரிந்த எண்ணை மறைத்துவிட்டுத் தெரியாத எண்ணை நிரூபிக்கச் சொல்வது நல்ல நிர்வாகம் ஆகாது.

தனிப்பட்ட பணம் வணிகப் பணத்தோடு கலப்பது இன்னொரு சிக்கல். நண்பர்கள் வாடகையைப் பகிர்வதும், பிறந்தநாளுக்குப் பணம் அனுப்புவதும் வருமானம் அல்ல. சட்டப்படி படிவத்தில் வரவும் கூடாது. ஆனால் வென்மோவில் அனுப்புகிறவர் ‘பொருள், சேவைக்காக’ என்ற குறியைத் தவறுதலாகத் தொட்டுவிட்டால் அது விற்பனையாகப் பதிவாகிவிடும். 1,000 டாலருக்கு வாங்கிய சோபாவை 400-க்கு விற்றால் வரி இல்லை. நட்டத்தைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. வரித்துறை இதற்கென 2024-ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து, தனிநபர் வருமான வரிக் கணக்கான 1040 படிவத்தின் முதல் இணைப்பின் உச்சியிலேயே ஓர் இடம் ஒதுக்கியது. தவறாக வந்த தொகையையும் நட்டத்துக்கு விற்ற சொந்தப் பொருளின் தொகையையும் அங்கே குறிப்பிட்டு விலக்கலாம். சிறிய திருத்தம்தான். ஆனால் பல பக்க விளக்க அறிக்கைகளை விடப் பயனுள்ள திருத்தம்.

வரம்பை மீட்டதை ஆதரிப்பவர்கள், சாதாரண மக்களைக் காகிதச் சுமையிலிருந்து காத்தோம் என்கிறார்கள். சுமை உண்மைதான் என்பதை மேலே கண்ட எடுத்துக்காட்டே சொல்கிறது. ஆனால் 20,000-க்குக் கீழே இருப்பவருக்கு வரி போகவில்லை, படிவம் மட்டுமே போயிற்று. படிவம் வராததால் வரி இல்லை என்று நம்பி இருந்துவிட்டு, பிறகு வட்டியும் அபராதமும் கட்டுகிறவர் காப்பாற்றப்பட்டவரா? கூடவே ஓர் ஓட்டையும் திறந்தே இருக்கிறது. ஒரு நிறுவனம் தனி ஆளிடம் வேலை வாங்கிக் காசோலையாகப் பணம் கொடுத்தால் 1099-என்இசி என்ற வேறு படிவம் அனுப்ப வேண்டும். அதன் வரம்பு பல பத்தாண்டுகளாக 600 டாலர்; 2026-இல் செய்யும் பணப்பட்டுவாடாவிலிருந்து 2,000. அதே வேலைக்கு அதே 10,000 டாலரைப் பேபாலின் வணிகச் சேவை வழியே கொடுத்தால், அதைத் தெரிவிக்கும் பொறுப்பு தளத்துக்குப் போய்விடுகிறது. கொடுத்தவர் அனுப்ப வேண்டியதில்லை. தளமோ 20,000-ஐத் தாண்டவில்லை என்று அனுப்பாது. ஒரே உழைப்பு, ஒரே கூலி, பணம் நடந்த பாதை மட்டும் வேறு. ஒருவரைப் பற்றித் தகவல் போகிறது, மற்றவரைப் பற்றிப் போவதில்லை. வரிச் சட்டத்தில் இதைவிடப் பெரிய அநீதிகள் இருக்கலாம், ஆனால் இதற்கு நியாயம் கற்பிக்க ஒரு காரணமும் இல்லை.

அந்தரங்கத்துக்குக் கேடு என்பது அடுத்த மறுப்பு. யார் என்ன வாங்கினார், யார் யாருக்கு அனுப்பினார் என்ற விவரம் படிவத்தில் இல்லை. தொகை, மாதம், எண்ணிக்கை இவ்வளவே. ஒவ்வோர் ஆண்டும் சம்பளக்காரரைப் பற்றிப் போகும் தகவலைவிட இது கூடுதல் அன்று. அந்தரங்கம் பற்றிய கவலை தகுதியானதே, ஆனால் அதைச் சிறுவணிகரின் வரவுக்கு மட்டும் பொருத்துவதற்கு வாதம் வேண்டும். தளங்களால் லாபத்தைக் கணிக்க முடியாது என்ற மறுப்பில் வலு உண்டு. சோபாவின் பழைய விலையோ கைவினைஞரின் நூல் செலவோ தளத்துக்குத் தெரியாது. தெரிந்ததையாவது சொல்லட்டும் என்பதே இங்கே கேட்பது.

அது நடக்கக்கூடியதுதான் என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் சான்று. 2023 ஜனவரி முதல் அங்கே நடப்பில் உள்ள டிஏசி7 விதிப்படி, தளங்கள் விற்பனையாளருக்குப் போன தொகையைக் கட்டணம் கழித்தும், பிடித்த கட்டணத்தைத் தனியாகவும், காலாண்டு வாரியாகத் தெரிவிக்கின்றன. பொருள் விற்பவர் ஆண்டில் 30 விற்பனைக்கும் குறைவாகச் செய்து 2,000 யூரோவையும் தாண்டாமல் இருந்தால் விலக்கு. அங்கும் இரு நிபந்தனை உண்டு, ஆனால் திசை நேர்மாறு: விலக்குப் பெறத்தான் இரண்டுக்கும் உட்பட வேண்டும். வீட்டுப் பழம்பொருளை விற்பவர் தப்பிக்கிறார், வணிகர் தப்புவதில்லை. இந்தியா வேறு வழியைப் பிடித்தது. 2020 அக்டோபரில் 194-ஓ பிரிவாக வந்த விதி, மின்வணிகத் தளம் விற்பனையாளரின் மொத்தத் தொகையில் 1 விழுக்காட்டைப் பிடித்து அரசுக்குக் கட்டச் சொன்னது. 2024 அக்டோபரில் அது 0.1 விழுக்காடாயிற்று. பான் அல்லது ஆதார் எண் கொடுத்து, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க்குள் விற்கும் தனிநபருக்குப் பிடித்தம் இல்லை.

அமெரிக்காவிலும் மாநிலங்கள் சும்மா இருக்கவில்லை. மாசசூசெட்ஸ், வெர்மான்ட் மாநிலங்கள் 600 டாலர் வரம்பைத் தாமே வைத்துள்ளன. இல்லினாயில் 1,000 டாலரும் நான்கு பரிமாற்றமும். ஆகவே பாஸ்டனில் இருப்பவருக்கு 900 டாலருக்கும் படிவம் வரும், டெக்சஸில் இருப்பவருக்கு 19,000-க்கும் வராது. சென்னையிலோ கோவையிலோ அமர்ந்து அமெரிக்க வாடிக்கையாளருக்கு வேலை செய்து பேபாலில் பணம் பெறுபவர், தாம் அமெரிக்கர் அல்லர் என்று டபிள்யூ-8பென் படிவத்தில் அறிவித்துவிட்டால் 1099-கே பொதுவாக அவருக்கு வருவதில்லை. அமெரிக்காவுக்கு வெளியே செய்த உழைப்பின் ஊதியம் அங்கே வரிக்கு உட்படுவதுமில்லை. இந்தியாவில் வசிப்பவர் என்ற முறையில் அந்த டாலர் முழுவதையும் ரூபாயாக்கி அவர் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். அமெரிக்காவில் வசித்துக்கொண்டு தம் வரி எண்ணைத் தளத்துக்குக் கொடுக்காமல் விட்டவர் நிலை வேறு. மேலே சொன்ன 20,000, 200 வரம்புகளைத் தாண்டியதும் வரும் தொகையில் 24 விழுக்காட்டைத் தளம் பிடித்து வரித்துறைக்கு அனுப்பிவிடும். ஆண்டு முடிந்து கணக்குத் தாக்கல் செய்த பிறகே அதை அவர் ஈடுகட்டிக்கொள்ள முடியும்.