பனியில் சிக்கப் புறப்பட்ட கப்பல்

பனிக்கட்டியில் கப்பல் சிக்கிவிடக் கூடாது என்றுதான் மாலுமிகள் வேண்டிக்கொள்வார்கள். ஆனால் பனியில் சிக்குவதற்காகவே கட்டப்பட்ட கப்பல் ஒன்று உண்டு. அதன் பெயர் ஃபிராம். நார்வே மொழியில் 'முன்னோக்கி' என்று பொருள். அதைக் கட்டச் செய்தவர் ஃபிரிட்யோஃப் நான்சென்.

இந்த எண்ணம் அவருக்கு எப்படி வந்தது? 1881இல் சைபீரியாவுக்கு வடக்கே ஜெனெட் என்ற அமெரிக்கக் கப்பலைப் பனி நசுக்கி மூழ்கடித்தது. மூன்றாண்டுகள் கழித்து அதன் பொருட்கள் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் கிடைத்தன. அப்படியானால் ஆர்க்டிக் பனி நிற்கவில்லை, நகர்கிறது! கப்பலும் அதோடு நகரலாமே என்று நான்சென் எண்ணினார். துருவ அனுபவசாலிகள் சிலர் அதைத் தற்கொலை முயற்சி என்றே கண்டித்தனர்.

ஃபிராமின் அடிப்பகுதி உருண்டையானது. பனி இறுக்கினால் கப்பல் நசுங்காமல் மேலே எழும்பும். 1893 ஜூனில் புறப்பட்டு, செப்டம்பரில் பனியில் உறைந்த கப்பல், 1896 ஆகஸ்டில்தான் விடுபட்டது. இடையில் நான்செனும் யோஹான்செனும் நாய் வண்டிகளுடன் துருவத்தை நோக்கிச் சென்றனர். துருவத்தை எட்ட முடியவில்லை. ஆயினும் சென்ற 13 பேரும் உயிரோடு திரும்பினர்.

அவர்கள் கொண்டுவந்த அறிவு பெரிது. ஆழமற்றது என்று கருதப்பட்ட அக்கடல் 3,000 மீட்டருக்கும் ஆழமானது எனத் தெரிந்தது. பனி காற்றின் திசைக்கு வலப்புறமாக விலகி நகர்வதையும் நான்சென் கண்டார். பூமியின் சுழற்சியே அதற்குக் காரணம் என்று பின்னர் எக்மான் விளக்கினார்.

2006இல் தாரா என்ற பிரெஞ்சுப் பாய்மரக் கப்பல் அதே முறையில் பனியில் உறைந்தது. 507 நாட்களில் வெளியே வந்துவிட்டது. தொடங்கிய இடம் வேறுதான். எனினும் பனி மெலிந்து, முன்னைவிட விரைவாக நகர்வதை ஆய்வாளர்கள் கண்டனர். 2019இல் ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் கப்பல் சென்றபோது, தங்குவதற்கு உறுதியான பனித்திட்டு கிடைப்பதே சிரமமாக இருந்தது.

1980களில் செப்டம்பர் மாதப் பனிப்பரப்பு சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர். 2012இல் அது 34 லட்சமாகச் சுருங்கியது. வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்பும். கருங்கடல் அதை உள்வாங்கும். எனவே பனி குறையக் குறைய வெப்பம் மேலும் கூடும்.

மிதக்கும் பனி உருகுவதால் கடல்மட்டம் அவ்வளவாக உயராது. கிரீன்லாந்தின் நிலப்பனி உருகினால் நிச்சயம் உயரும். சிங்கப்பூரின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு, கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. பூமத்தியரேகை அருகே உள்ள சிங்கப்பூர், 2013இல் ஆர்க்டிக் மன்றத்தில் பார்வையாளராகச் சேர்ந்தது. ஃபிராம் மிதந்த கடல் நமக்கும் தூரமில்லை.