ஜீப் சேசிஸ் துருச் செப்பனிடல்

ஏணி வடிவச் சேசிஸ் கொண்ட பழைய ஜீப்புகளில், துரு அரித்த சட்டத்தையும் கமான்பட்டைகளைத் தாங்கும் பிராக்கெட்டுகளையும் வெட்டியெடுத்து, புதிய இரும்பு வைத்துப் பற்றவைக்கும் பட்டறை வேலை. பொதுவாக இதையும் டிங்கர் வேலையோடு சேர்த்துப் பேசுவார்கள். அது சரியல்ல. மட்கார்டில் ஓட்டை விழுந்தால் வண்டியின் அழகு கெடும்; கமான்பட்டை பிராக்கெட் விட்டுப்போனால் வண்டியே கவிழலாம்.

மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பொருத்தத் தொடங்கியது 1947இல். சிஜே3பி மாதிரியை அமெரிக்காவில் 1968இல் நிறுத்திய பிறகும் இங்கே அந்த வார்ப்பில் வண்டிகள் வந்துகொண்டிருந்தன. எம்எம்540, மேஜர், கமாண்டர் ஆகியவையும், 1985இல் வந்த மாருதி ஜிப்சியும் முன்னும் பின்னும் கமான்பட்டைகளில் நிற்பவையே. இவை இருவேறு வகையில் அரிபடுகின்றன. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கரடுமுரடான பாதையில் மழையும் சேறும் பாறை அடியும் சேர்ந்து அரிக்கின்றன. தனுஷ்கோடியிலோ 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்படும் வரை, ஜீப்புகளும் வேன்களும் ஈரமணலிலும் கடல்நீரிலும் பயணிகளை ஏற்றிச் சென்றன. உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால் துருப்பிடிப்பு அங்கே வேகமெடுக்கும்.

துரு முதலில் பிடிப்பது கண்ணுக்குத் தெரியாத இடங்களில். பெட்டிபோல் மூடிய சட்டத்துக்குள் சேறு புகுந்து, வடிகால் துளையை அடைத்துக்கொண்டு ஈரமாகவே கிடக்கும். இரண்டு தகடுகள் சேர்ந்த இடத்தில் துரு உருவானால் நிலைமை இன்னும் மோசம். துரு அது தின்ற இரும்பைவிடப் பலமடங்கு இடம் பிடிக்கும் என்பதால் தகடுகளை நெம்பிப் பிரித்து, ரிவெட்டையும் தளர்த்திவிடும். மேலே பெயின்ட் பளபளவென்று இருந்தாலும் சுத்தியல் பொய் சொல்லாது: நல்ல இரும்பில் கணீரென்றும், அரித்த இரும்பில் மொத்தென்றும் சத்தம் வரும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூடிரைவரை அழுத்திக் குத்தினால் உள்ளே இறங்கிவிடும். மீயொலித் தடிப்புமானி இருந்தால் எவ்வளவு இரும்பு மிச்சமிருக்கிறது என்பதை மில்லிமீட்டர் கணக்கில் அறியலாம்.

எந்த பிராக்கெட் அரித்திருக்கிறது என்பதே அடுத்த கேள்வி. கமான்பட்டையின் ஒரு முனை அசையாத பிராக்கெட்டிலும், மறுமுனை ஆடும் ஷாக்கிளிலும் மாட்டியிருக்கும். ஷாக்கிள் முனை பெரும்பாலும் எடையை மட்டும் சுமக்கும். சக்கரம் வண்டியைத் தள்ளும் விசையும் பிரேக் இழுக்கும் விசையும் அசையாத முனை வழியாகவே சட்டத்துக்குப் போகின்றன. ஆகவே அந்த முனையில் அரிப்பு கண்டால் வண்டியை ஓட்டாமல் நிறுத்துவதே நல்லது. இறக்கத்தில் பிரேக் போடும்போது அது பிய்ந்தால் அச்சு ஒருபக்கம் நகர்ந்துவிடும்.

வெட்டுவதற்கு முன் சட்டத்தின் மூலைவிட்ட அளவுகளைக் குறித்து, தற்காலிகக் குறுக்குக் கம்பி வைத்துப் பற்றவைத்துவிட வேண்டும். இல்லையென்றால் வெட்டியதும் சட்டம் கோணிக்கொள்ளும். பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். பழைய ஜீப்புகளில் பெட்ரோல் டாங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருப்பதால், அதையும் கழற்றாமல் யாரும் தீப்பொறி எழுப்பக் கூடாது. துருவின் மேலேயே தகடு போர்த்துவது நம்மூரில் அதிகம் நடக்கும் ஏமாற்று வேலை. இரண்டு மழைக்காலத்துக்குள் அது உள்ளிருந்தே மீண்டும் அரிக்கும். பளிச்சென்ற இரும்பு வரும்வரை வெட்டி, மூலச் சட்டத்தின் தடிமனுக்கு இணையான தகட்டைச் சேர்ப்பதே முறை. பலம் வேண்டுமென்று தடித்த தகடு வைத்தால், அது முடியும் விளிம்பில் அழுத்தம் குவிந்து விரிசல் விழும். அதனால்தான் தகட்டின் முனையைச் செங்குத்தாக வெட்டாமல் சாய்வாகவோ மீன்வாய் வடிவிலோ வெட்டுகிறார்கள். சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளைக் குறுக்கே பற்றவைப்பதைத் தவிர்க்க வேண்டும். வளைவு அழுத்தம் அங்கேதான் உச்சம்.

பட்டறைகளில் எளிதாகக் கிடைப்பது 6013 வெல்டிங் ராடு. பாரம் தாங்கும் பிராக்கெட்டுக்கு 7018 ஏற்றது. ஆனால் ஈரம்பட்ட ராடிலிருந்து ஹைட்ரஜன் பற்றுக்குள் புகுந்து விரிசல் விழும் என்பதால், ராடைச் சூடாக்கி உலரவைத்தே பயன்படுத்த வேண்டும். நீளமாக ஒரே மூச்சில் போடாமல், சிறுசிறு தையல்களாக இடம் மாற்றி மாற்றிப் போட்டால் கோணல் குறையும். துத்தநாகம் பூசிய பாகத்தைப் பற்றவைத்தால் எழும் புகை காய்ச்சலைத் தரும். முதலில் பூச்சைச் சுரண்ட வேண்டும்.

வேலை முடிந்து கமான்பட்டையை ஏற்றும்போது பழைய யு-போல்ட்டுகளைத் திரும்பப் போடக் கூடாது. ரப்பர் புஷ் உள்ள ஷாக்கிளின் போல்ட்டை, வண்டியைத் தரையில் சக்கரங்களின் மேல் நிறுத்திய பிறகே இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். சட்டத்தின் உள்ளே மெழுகுப் பூச்சும் வெளியே எப்பாக்சி பிரைமரும் போதும். ரெட் ஆக்சைடு மட்டும் அடித்துவிட்டுக் கடற்கரைக்குப் போவது வீண். பழைய இன்ஜின் ஆயிலைப் பீய்ச்சும் வழக்கம் துருவைத் தள்ளிப்போட்டாலும், புஷ் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும்.

பெரிய நிறுவனங்களும் சேசிஸ் துருவிலிருந்து தப்பவில்லை. டகோமா, டன்ட்ரா, செகோயா வண்டிகளின் சேசிஸ் துரு தொடர்பான வழக்கில், டொயோட்டா 2016இல் அமெரிக்காவில் சுமார் 15 லட்சம் வண்டிகளுக்கு 340 கோடி டாலர் வரை செலவாகக்கூடிய சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. அங்கே அரித்த சேசிஸை முழுதாக மாற்றித் தந்தார்கள். இங்கே அது அவ்வளவு எளிதல்ல. சேசிஸ் எண் சட்டத்திலேயே பொறிக்கப்பட்டிருப்பதால், அந்தப் பகுதியை வெட்டினால் வண்டியின் அடையாளமே போய்விடும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் அளவுகளுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இருந்த அளவிலேயே செப்பனிடுவது வேறு, சேசிஸையே மாற்றுவது வேறு. இரண்டாவதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலை முன்கூட்டியே பெற வேண்டும்.