அருளப்பனும் யோவானும் ஒரே பேர்தான்: காவிரிக்கரையில் பைபிள் பெயர்கள்

பிரசவம் முடிஞ்சு டிஸ்சார்ஜ் ஆகும்போது கிறிஸ்தவக் குடும்பங்கள்ல அடிக்கடி கேக்கற கேள்வி இது: "டாக்டர், பைபிள்லேருந்து நல்ல அர்த்தமுள்ள பேரா ஒண்ணு சொல்லுங்க. ஜே-ல ஆரம்பிக்கணும்." மருந்துச் சீட்டுல எழுதித் தர்ற விஷயமில்ல. ஆனா இதுக்குப் பின்னாடி நம்ம டெல்டாவுக்கே சொந்தமான ஒரு நீண்ட வரலாறு இருக்கு. இழை கொஞ்சம் நீளம், பொறுமையா வாங்க.

முதல்ல திருவையாற்றுக் கோயில்லேருந்து ஆரம்பிக்கிறேன். சம்பந்தம் இருக்கு. சுவாமி பேர் ஐயாறப்பர். அவரே பஞ்சநதீஸ்வரர். அம்பாள் அறம்வளர்த்த நாயகி. அவங்களே தர்மசம்வர்த்தினி. பஞ்சநதம்னா ஐயாறு, தர்மம்னா அறம், சம்வர்த்தினின்னா வளர்ப்பவள். ஒரு பேரை இன்னொரு மொழிக்குப் பெயர்த்தா ஆள் மாறிடறதில்ல. இது நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்ல, அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போதே தெரிஞ்ச விஷயம்.

இப்ப உங்க தாத்தா பேருக்கு வாங்க. அருளப்பன், ராயப்பன், சின்னப்பன், தேவசகாயம். இளம் தம்பதிகள் பலபேர் இதையெல்லாம் 'பழைய ஊர்ப்பேர், பைபிள் பேர் இல்ல'ன்னு ஒதுக்கறாங்க. ஒதுக்கிட்டு ஃபோன்ல தேடி 'ஜோஹன்'னு வைக்கறாங்க. ஜோஹன்னா யாரு? அருளப்பன்தான்!

யோவான்ங்கற பேர் எபிரேயத்துல யோகனான். கடவுள் அருள் செய்தார்னு அர்த்தம். அதுதான் தமிழ்ல அருளப்பன். அன்னாள், ஹன்னா, ஆன் எல்லாம் அதே வேர்லேருந்து வந்த பெண்பேர்கள். தஞ்சாவூர் அருளானந்த நகர் வழியா எத்தனை தடவை போயிருப்பீங்க? 1693ல ஓரியூர்ல கொல்லப்பட்ட போர்த்துகீசியப் பாதிரியார் ஜான் டி பிரிட்டோதான் அருளானந்தர். அங்கேயும் அந்த 'ஜான்'தான் 'அருள்' ஆகியிருக்கு.

ராயப்பன் இன்னும் சுவாரசியம். இயேசு தன் சீடர் சீமோனுக்கு வச்ச பேர் கேபா. அது அராமேயச் சொல், பாறைன்னு அர்த்தம். யோவான் நற்செய்தி முதல் அதிகாரத்துலேயே, கேபான்னா கிரேக்கத்துல பெத்ரோஸ்னு விளக்கம் சொல்லியிருக்கு. அதாவது பைபிளே பேரை மொழிபெயர்க்குது. பெத்ரோஸ் தமிழ்ல பேதுரு, ஆங்கிலத்துல பீட்டர். அப்ப ராயப்பன்? தெலுங்குல 'ராயி'ன்னா கல். ஆந்திரக் கத்தோலிக்கர்களுக்கும் பேதுரு ராயப்பாதான். நாயக்கரும் தெலுங்கும் ஆண்ட காலத்து மண்ணுல இந்தப் பேர் ஒட்டிக்கிட்டதுல ஆச்சரியமில்ல. லத்தீன்ல பவுலுஸ்னா சின்னவர், அதனால பவுல் சின்னப்பர் ஆனார். இந்த 'அப்பர்' விகுதியைக் கவனிச்சீங்களா? ஐயாறப்பர் ஊர்ல, அப்பர் தேவாரம் பாடற ஊர்ல, ராயப்பர்னு ஒருத்தர் வந்தா காதுக்கு அந்நியமாவே இருக்காது.

பேர் வைக்கறதுல வர்ற குடும்பச் சண்டையும் பைபிள்ல இருக்கு. அதை எழுதினதா மரபு சொல்றது லூக்காவை. அவர் மருத்துவர்னு கொலோசெயர் நிருபத்துல குறிப்பு இருக்கு, அதனால எனக்கு அவர்மேல கொஞ்சம் பாசம். எலிசபெத்துக்கு வயசான காலத்துல முதல் குழந்தை. எங்க பாஷையில 'எல்டர்லி ப்ரைமி', கேஸ் ஷீட்ல சிவப்பு மையில எழுதுவோம். எட்டாம் நாள் சொந்தக்காரங்க எல்லாம் கூடி, அப்பா பேரையே வைக்கணும்னு நிக்கறாங்க. அம்மா, யோவான்னு சொல்றா. 'நம்ம வகையறாவுல அந்தப் பேர் யாருக்குமே இல்லையே'ன்னு கேக்கறாங்க. பேச்சு நின்னுபோயிருந்த அப்பா சகரியா ஒரு பலகை வாங்கி, இவன் பேர் யோவான்னு எழுதிக் காட்டறார். அப்பறம்தான் சத்தம் அடங்குது. நம்ம வீட்டு வரவேற்பறை மாதிரியே இல்ல?

இந்த எலிசபெத் மகனைப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்துல பாத்திருப்பீங்க. தேம்பாவணிப் பகுதியில, தாய் இறந்து அழற கருணையன். அவன்தான் திருமுழுக்கு யோவான். வீரமாமுனிவர் 'அருள்'ங்கறதை 'கருணை'ன்னு எடுத்து, தன் காப்பியத்துக்கு ஏத்த மாதிரி வச்ச பேர்.

வீரமாமுனிவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர்னே சொல்லலாம். திருவையாற்றுலேருந்து அரியலூர் ரோட்டுல போய், கொள்ளிடம் பாலம் தாண்டினா திருமானூர். அங்கிருந்து கிழக்கே ஏலாக்குறிச்சி. அந்த அடைக்கல மாதா கோவில்ல பணி செஞ்சவர் அவர். டெல்டாவுல அடைக்கலம், அடைக்கலசாமி, அடைக்கலமேரின்னு பேர்களைக் கேட்டா அந்தக் கோவில்தான் ஞாபகம் வரும். 1680ல இத்தாலியில பிறந்த அவரோட சொந்தப் பேர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. கான்ஸ்டன்டைன்ங்கற பேரோட லத்தீன் வேருக்கு நிலைகுலையாதவர்னு அர்த்தம். அதைத் தைரியநாதர்னு தமிழாக்கிக்கிட்டார். தன் பேரையே மொழிபெயர்த்துக்கிட்டவர், பைபிள் ஆட்களோட பேரை விடுவாரா?

3615 பாட்டு கொண்ட தேம்பாவணியோட தலைவன் சூசையப்பர். ஆனா காப்பியத்துல அவருக்குப் பேர் வளன். ஏன் வளன்? இங்கதான் ஒரு டாக்டரா நான் நின்னு போறேன்.

யோசேப்புன்னா எபிரேயத்துல 'இன்னும் கூட்டுவாராக'ன்னு அர்த்தம். கூடுதல், பெருகுதல், வளர்தல். அதான் வளன். தர்மசம்வர்த்தினியில இருக்கற அதே வளர்ச்சி. இந்தப் பேரை முதல்ல வச்சது ஆதியாகமத்துல வர்ற ராகேல். வருஷக்கணக்கா குழந்தையில்லாம, அக்காவுக்குப் பிள்ளைகள் பிறக்கறதைப் பாத்துப் புழுங்கினவ. கடைசியில ஒரு மகன் பிறந்ததும், 'இன்னொரு மகனையும் கர்த்தர் எனக்குக் கூட்டித் தரட்டும்'ங்கற வேண்டுதலையே பேரா வச்சா, யோசேப்புன்னு. அந்த இன்னொரு மகனும் வந்தான். பயணத்துல, வழியிலேயே வலி எடுத்து, பிரசவம் கடினமாகி, 'பயப்படாதே, இதுவும் ஆண்பிள்ளைதான்'னு மருத்துவச்சி சொல்லும்போதே உயிர் பிரியுது. போற நேரத்துல அவ வச்ச பேர் பெனோனி, என் துக்கத்தின் மகன். அப்பா யாக்கோபு அதை அப்படியே விடல. பென்யமீன், வலது கையின் மகன்னு மாத்திட்டார்.

பெஞ்சமின்னு பேர் வைக்கறவங்க கிட்ட இந்தக் கதையைச் சொன்னா சிலர் முகம் வாடும். வாட வேண்டாம். அம்மா செத்த பழியைச் சுமந்துகிட்டே ஒரு குழந்தை வளரக்கூடாதுன்னு ஒரு அப்பன் எடுத்த முடிவு அந்தப் பேர். எனக்குத் தெரிஞ்சு இதைவிடக் கனமான பேர்மாற்றம் பைபிள்ல இல்ல.

பிரசவ அறையிலேயே பிறந்த பேர்கள் இன்னும் இருக்கு. யாபேஸ், வேதனையோட பெத்ததால வச்ச பேர்னு நாளாகமம் சொல்லுது. அதே அதிகாரத்துல யாபேஸோட ஜெபமும் இருக்கறதால இன்னிக்கு நிறைய பேர் ஆசையா வைக்கறாங்க. தப்பில்ல, கதை தெரிஞ்சு வைக்கலாம். நம்ம பக்கமும் இப்படித்தான். குழந்தை தங்காத வீட்டுல பிச்சை, குப்பன், குப்பம்மான்னு வச்சாங்க. எமன் கண்ணுல படாம இருக்கட்டும்னு. பொண்ணா பிறந்துகிட்டே இருந்தா 'போதும்பொண்ணு'. ஒரு வீட்டோட பிரசவ வரலாறு, அதுல எத்தனை குழந்தை செத்ததுங்கறது உட்பட, ஒரே சொல்லுல கேஸ் ஷீட்டா நிக்குது.

சரி, யோசேப்பு தமிழ்ல வளன் ஆனார். அப்ப சூசை? அது போர்த்துகீசிய 'ஜோசே' நம்ம வாய்ல தேஞ்ச உருவம். இது வேற பாதை, அர்த்தத்தை விட்டுட்டு சத்தத்தை மட்டும் எடுத்துக்கிட்ட பாதை. சந்தியாகுன்னா சான் தியாகோ, அதாவது புனித யாக்கோபு. சவரிமுத்துல இருக்கற சவரி, புனித சவேரியார். அவர் பேர் ஸ்பெயின் நாட்டு பாஸ்க் மொழியில 'புது வீடு'ன்னு அர்த்தம் வர்ற ஒரு ஊர்ப்பேர்! தமிழின் முதல் நாவல்னு சொல்ற பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879ல வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளையோட அப்பா சவரிமுத்துப் பிள்ளை, அம்மா ஆரோக்கிய மரியம்மாள். ஒரே வீட்டுல பாஸ்க், எபிரேயம், வேளாங்கண்ணி. (ஆரோக்கியசாமின்னு பேர் வச்சுகிட்டு மாசாமாசம் காய்ச்சலோட வர்றவர் ஒருத்தர் எங்க ஓ.பி.யில உண்டு. அவரே சொல்லிச் சிரிப்பார்.)

இஷ்டப்படி பேர் வைக்க எல்லாக் காலத்துலேயும் விட்டதில்ல. 1703ல புதுச்சேரிக்கு வந்த போப்பின் தூதர் தூர்னோன், ஞானஸ்நானத்துல புனிதர் பட்டியல்லேருந்துதான் பேர் வைக்கணும், தெய்வங்கள் பேர் கூடாதுன்னு ஆணை போட்டார். மொழிபெயர்த்த பேர்கள் அந்த இக்கட்டுக்கும் வழியாச்சுன்னு நினைக்கிறேன். புனிதரும் வந்தாச்சு, தமிழும் நின்னாச்சு. அதே ஆணையில இன்னொண்ணும் இருந்துது: பறையர் வீடுகள்ல நோயாளி கிடந்தா குருமார் அந்த வீட்டுக்கே போய் ஆகணும்னு. அப்படி ஒரு ஆணை தேவைப்பட்டுதுன்னா, அதுவரைக்கும் என்ன நடந்துகிட்டிருந்துதுன்னு நீங்களே புரிஞ்சுக்கலாம். பேர் தமிழாச்சு, வாசப்படி தாண்டறது மட்டும் கஷ்டமா இருந்துது.

தேவசகாயத்தைச் சொல்லாம முடிக்க முடியாது. எலெயாசார், கடவுள் துணை நின்றார். அது சுருங்கி லாசரு. திருவிதாங்கூர் நீலகண்டப் பிள்ளை 1745ல ஞானஸ்நானம் பெற்றப்ப வச்ச பேர் லாசரு, தமிழ்ல தேவசகாயம். 2022 மே 15ல ரோம்ல புனிதர் பட்டம் கொடுத்தாங்க. எங்க துறையிலயும் லாசரு உண்டு. இதயம் நின்னு, சிபிஆர் பண்ணி, பலனில்லன்னு நிறுத்தினதுக்கப்பறம் அபூர்வமா துடிப்பு தானா திரும்பினா அதுக்குப் பேர் லாசரஸ் பினாமினன்.

புராட்டஸ்டன்ட் பக்கம் கொஞ்சம் வேற மாதிரி. பேதுரு, பவுல், யோவான்னு கிரேக்க, எபிரேயச் சத்தத்தையே வேதாகமத்துல வச்சாங்க. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரைப் பாருங்க. 1917ல கருணாமிர்த சாகரம் வெளியிட்ட இசை அறிஞர், தொழிலால சித்த மருத்துவர், எங்க சீனியர். ஆபிரகாம்னா திரளான மக்களுக்குத் தகப்பன்னு ஆதியாகமமே விளக்கம் தருது. எபிரேயம் முன்னாடி, பண்டிதர் பின்னாடி, நடுவுல ஒரு உறுத்தலும் இல்ல. அய்யம்பேட்டை, ராஜகிரி பக்கம் போனீங்கன்னா இதே பேர்கள் அரபி வழியா வந்திருக்கும். இப்ராஹிம், யூசுப், யாக்கூப், மரியம். யஹ்யான்னு ஒரு பையன் இருந்தா, அவனுக்கும் அருளப்பனுக்கும் பேர் ஒரே நபரோடதுதான்.

1995ல கத்தோலிக்கரும் மற்ற சபைகளும் சேர்ந்து பொது மொழிபெயர்ப்பா திருவிவிலியம் கொண்டு வந்தாங்க. அதுல யோவான், பேதுரு, பவுல்னு வந்துடுச்சு. சேர்ந்து வாசிக்க ஒரே புத்தகம் வேணும்ங்கறது நியாயமான காரணம்தான். ஆனா அதுக்கப்பறம் வளர்ந்த பிள்ளைங்களுக்கு 'அருளப்பர் எழுதின நற்செய்தி'ன்னு கோவில்ல கேட்ட பழக்கம் இல்ல. அதனாலதான் தாத்தா பேருக்கும் பைபிளுக்கும் நடுவுல இருந்த கயிறு அறுந்துடுச்சுன்னு எனக்குத் தோணுது.

பேர் தேடறவங்களுக்கு நடைமுறையா ரெண்டு விஷயம். இணையப் பட்டியல்ல 'எபிரேய அர்த்தம்: இளவரசன்'னு போட்டிருக்கற பேர்ல பாதி எந்த எபிரேய அகராதியிலயும் இருக்காது. அந்தப் பேர் பைபிள்ல எந்த அதிகாரத்துல வருதுன்னு கேளுங்க, பதில் இல்லன்னா அது புதுசா ஒட்டின பேர். புதுப்பேர் வைக்கறது உங்க உரிமை, எபிரேயம்னு மட்டும் சொல்லிக்க வேண்டாம். அப்பறம், எல்லா பைபிள் பேருக்கும் ஒரே உறுதியான அர்த்தம் கிடையாது. மரியாளுக்கே கசப்பு, அன்புக்குரியவள்னு அறிஞர்கள் பல விதமா சொல்றாங்க. மோசே எகிப்தியப் பேர்ங்கறதுதான் பெரும்பாலானவங்க கருத்து. தோமாவுக்குச் சந்தேகமே இல்ல, இரட்டைன்னு அர்த்தம். ஒத்தப் பிள்ளைக்கு வைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிங்க.

உங்க வீட்டுப் பெரியவங்க பேரைக் கீழ எழுதுங்க. எனக்குத் தெரிஞ்சவரைக்கும் அது பைபிள்ல யாருன்னு சொல்றேன். ராத்திரி டூட்டி முடிஞ்சுதான் பதில் வரும்.