திராமிசுவும் ஆனைமலையும்

திராமிசு இத்தாலி நாட்டின் அடுக்கு இனிப்பு. காப்பியில் நனைத்த ரொட்டி, மஸ்கார்போன் என்னும் பாலேட்டுக் கட்டி, முட்டை, சர்க்கரை, மேலே தூவும் கொக்கோத் தூள் ஆகியவையே இதன் பொருள்கள். இவற்றுள் காப்பி, கொக்கோ இரண்டும் ஆனைமலை வட்டாரத்தில் விளைகின்றன.

பிறப்பு

வட இத்தாலியின் திரெவிசோ நகரிலுள்ள லே பெக்கெரியே உணவகத்தில் 1972-இல் இது உணவுப் பட்டியலில் இடம்பெற்றது. ஃப்ரியூலி வட்டாரத்தாரும் இதற்கு உரிமை கோருகின்றனர். 'என்னைத் தூக்கி விடு' என்பது பெயரின் பொருள். களைத்தவருக்குத் தெம்பு தருவது என்று கொள்ளலாம். திரெவிசோவின் பழைய செய்முறையில் மது இல்லை.

காப்பி

ஆனைமலையில் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காடுகளைத் திருத்திக் காப்பி பயிரிட்டனர். 1869-இல் இலங்கையில் காணப்பட்ட இலைத்துரு நோய் விரைவில் தென்னிந்தியத் தோட்டங்களையும் தாக்கியது. அந்நூற்றாண்டின் இறுதி முதல் வால்பாறைப் பகுதியில் தேயிலை பெருகியது. சமவெளியிலிருந்து கங்காணிகள் அழைத்து வந்த தொழிலாளர்கள் மலேரியாவாலும் கடனாலும் பட்ட துயரை, அங்கு மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969-இல் வெளிவந்த 'ரெட் டீ' நாவலில் எழுதினார். அது 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் தமிழில் வந்துள்ளது. ஆனைமலையின் காப்பியையும் தேநீரையும் பற்றிப் பேசும்போது இவ்வரலாற்றை விட்டுவிட முடியாது.

காப்பி முற்றிலும் மறைந்துவிடவில்லை. இந்தியக் காப்பி வாரியம் வட்டாரக் காப்பி வகைகளுள் ஒன்றாக ஆனைமலையைக் குறிப்பிடுகிறது. இந்தியக் காப்பியை அதிகம் வாங்கும் நாடுகளில் இத்தாலி முன்னணியில் உள்ளது. அராபிகா மணமும் மென்மையும் தரும்; ரொபஸ்டா கசப்பும் திடமும் தரும். எஸ்பிரெஸ்ஸோவின் மேல்நுரைக்காக இத்தாலியர் ரொபஸ்டாவைக் கலப்பதுண்டு.

திராமிசுவுக்குச் சிக்கரி கலக்காத தூளே ஏற்றது. நம் வீட்டு டிகாக்‌ஷனில் சிக்கரி நிறத்தையும் கெட்டித்தன்மையையும் கூட்டும். பாலும் சர்க்கரையும் சேரும்போது அது பொருந்திவிடும். திராமிசுவில் கொக்கோவின் கசப்பு ஏற்கெனவே உள்ளது. சிக்கரியின் கசப்பும் சேர்ந்தால் காப்பி மணம் அமுங்கிவிடும். இந்திய விதிப்படி கலவைத் தூளில் சிக்கரி 49 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது; விகிதத்தை உறையில் அச்சிட வேண்டும். ஆகவே வாங்குமுன் உறையைப் படிப்பது நல்லது. பில்டரில் இறக்கிய முதல் டிகாக்‌ஷனை நன்றாக ஆறவிட்டுப் பயன்படுத்தலாம்.

கொக்கோ

ஆனைமலை, பொள்ளாச்சிப் பகுதிகளில் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கொக்கோ வளர்கிறது. தென்னையின் நிழல் அதற்கு ஏற்றது. தேங்காய் விலை சரியும்போது உழவருக்கு அது துணை வருமானம். பழத்தை உடைத்து, சதையோடு விதைகளைக் குவித்துச் சுமார் ஆறு நாள் புளிக்க வைத்து, பின் வெயிலில் உலர்த்துவர். புளிப்பேறாத விதையில் சாக்லேட் மணம் வராது. அண்மைக் காலமாக இவ்வட்டாரத் தோட்டங்களிலேயே விதையிலிருந்து சாக்லேட் வரை செய்யும் முயற்சிகள் நடக்கின்றன. திராமிசுவின் மேல் தூவச் சர்க்கரை சேராத தூளே வேண்டும்; குடிப்பதற்கான இனிப்புக் கலவை பொருந்தாது.

மற்றப் பொருள்கள்

மஸ்கார்போன் லொம்பார்தியாவைச் சேர்ந்தது. பாலேட்டைச் சூடாக்கி, எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்து, துணியில் வடித்தால் வீட்டிலும் கிடைக்கும். பனீர் பாலைத் திரித்துச் செய்வது. கொழுப்புக் குறைவு, மணல்போல் இருக்கும். ஆகவே அது மாற்றாகாது. ரொட்டி, முட்டை அடித்துச் செய்த உலர்ந்த விரல் வடிவ பிஸ்கட்டாக இருக்க வேண்டும். அதைக் காப்பியில் ஒரு நொடி தோய்த்தால் போதும், ஊறவிட்டால் குழைந்துவிடும். பச்சை முட்டையைத் தவிர்க்க விரும்புவோர் மஞ்சள் கருவைச் சர்க்கரையுடன் ஆவியில் காய்ச்சிக் கொள்ளலாம்.

இத்தாலியின் பெயர் தாங்கிய இவ்வினிப்பில் காப்பிக் கொட்டையும் கொக்கோ விதையும் வெப்ப நாடுகளின் உழைப்பால் வருபவை. அவ்விரண்டும் ஒருங்கே விளையும் இடங்களுள் ஆனைமலை வட்டாரமும் ஒன்று.