யாருக்கு எந்தக் கிளாஸ்?

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் அம்மன் கோயில் பொங்கல் முடிந்த மறுநாள் காலையில், கண்மாய்க்கரையில் குவிந்து கிடந்த பேப்பர் கப்புகளைப் படம் எடுத்து இங்கே போட்டிருந்தேன். "அந்தக் காலத்தில் டீக்கடையில் கண்ணாடி கிளாஸ்தான். குடித்தோம், கழுவினார்கள், அடுத்தவர் குடித்தார். குப்பை என்று ஒன்று இருந்ததா? பழைய முறைக்கே திரும்புவோம்" என்று எழுதியிருந்தேன். நிறையப் பேர் பாராட்டியிருந்தீர்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அன்று இரவு ஒரு மாணவன் போன் செய்தான். 1990-ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். இப்போது வெளியூரில் நல்ல உத்தியோகம். நலம் விசாரித்து முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னான். "சார், நீங்க எழுதினது சரிதான். ஆனா அந்தக் கண்ணாடி கிளாஸ எங்க அப்பாவுக்குக் கொடுத்ததே இல்லையே சார். எந்தப் பழைய முறைக்குத் திரும்பச் சொல்றீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. "நாளைக்குப் பேசுறேம்ப்பா" என்று வைத்துவிட்டேன். நாளைக்கு நாளைக்கு என்று மூன்று வாரம் ஓடிவிட்டது. அந்த மூன்று வாரமும் இந்தக் குவளையின் வரலாற்றைத்தான் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் முடித்த இடைநிலை ஆசிரியன், ஆராய்ச்சியாளன் இல்லை. பிழை இருந்தால் என்னைவிட மேலே படித்த நீங்கள் திருத்துங்கள்.

குடித்துவிட்டுத் தூக்கி எறியும் பழக்கம் நாம் நினைப்பதுபோலப் புதிது இல்லை. மத்தியதரைக் கடலில் உள்ள கிரீட் தீவில் 3,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மினோவன் மக்கள், விருந்துகளில் மது அருந்த கைப்பிடி இல்லாத சிறு மண் குவளைகளை ஆயிரக்கணக்கில் செய்து, குடித்தபின் எறிந்திருக்கிறார்கள். அதில் ஒன்றை 2019-ல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு பேப்பர் கப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காட்சிப்படுத்தினார்கள். விருந்து முடிந்து பாத்திரம் கழுவ யாருக்கும் மனம் வராது என்பது அன்றைக்கும் அப்படித்தான் போலிருக்கிறது.

இப்போதைய பேப்பர் கப் பிறந்தது அமெரிக்காவில். அங்கே நூறு ஆண்டுகளுக்கு முன்பு ரயில் நிலையம், பள்ளிக்கூடம் எங்கும் தண்ணீர்த் தொட்டியோடு ஒரே ஒரு தகரக் குவளை இருக்கும். வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதிலேயே வாய் வைத்துக் குடிப்பார்கள். காசநோய் பரவிக்கொண்டிருந்த காலம் அது. லஃபாயெட் கல்லூரியின் உயிரியல் பேராசிரியர் ஆல்வின் டேவிசன் பள்ளிக்கூடக் குவளைகளை எடுத்துவந்து நுண்ணோக்கியில் பார்த்தார். பிள்ளைகளின் குவளையில் மரணம் இருக்கிறது என்ற பொருள்படத் தலைப்பிட்டு 1908-ல் அவர் எழுதிய கட்டுரை பெற்றோரைக் கதிகலங்க வைத்தது. அடுத்த ஆண்டே, சாமுவேல் கிரம்பைன் என்ற சுகாதார அதிகாரியின் முயற்சியால், கான்சாஸ் மாநிலம் பொதுக் குவளையைத் தடை செய்தது. மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாகப் பின்பற்றின.

இதற்கிடையில் பாஸ்டன் நகரின் லாரன்ஸ் லுவெல்லன் 1907 வாக்கில் காகிதக் குவளையை உருவாக்கியிருந்தார். அவருடைய மைத்துனர் ஹியூ மூர் அதை வியாபாரமாக்கினார். ஒரு சென்ட் போட்டால் குளிர்ந்த தண்ணீரும் புதுக் குவளையும் தரும் இயந்திரம் வந்தது. முதலில் வைத்த பெயர் 'ஹெல்த் கப்'. 1918-ல் வந்த இன்ஃபுளுயன்சா கொள்ளைநோய்க்குப் பிறகு அதன் மவுசு இன்னும் கூடியது. 1919-ல் பெயரை 'டிக்சி' என்று மாற்றினார்கள். அதே கட்டடத்தில் இருந்த ஒரு பொம்மைக் கம்பெனியின் பெயர் அது. கேட்டு வாங்கிக்கொண்டார்கள்!

ஆக, பேப்பர் கப் குப்பை போட வந்ததல்ல. "எனக்கு முன்னால் இதில் வாய் வைத்தது யார்?" என்ற பயத்துக்கு விடையாக வந்தது. அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது.

நம்மிடமும் அந்தக் கேள்வி பழங்காலம் தொட்டு இருக்கிறது. நாம் அதை எச்சில் என்போம். அதனால்தான் செம்பை உயர்த்தி அண்ணாந்து குடிக்கப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறோம். சுகாதாரத்துக்கு நல்ல பழக்கம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் ஊரில் எச்சில் என்ற சொல்லுக்குப் பின்னால் கிருமி மட்டும் ஒளிந்திருக்கவில்லை. அம்பேத்கர் பள்ளியில் படித்தபோது அவர் குழாயைத் தொடக்கூடாது. பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர், பியூன் வராத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டும். இங்கே சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டதை எதிர்த்துப் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் 1920-களில் போராடினார்கள். அமெரிக்காவை மட்டும் யோக்கியம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே தென்மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குத் தனித் தண்ணீர்க்குழாய் வைத்திருந்தார்கள்.

டீக்கடைகள் கிராமங்களுக்குப் பரவியபோது இந்தப் பழக்கமும் கூடவே போய் உட்கார்ந்துகொண்டது. சில ஊர்களில் சிரட்டையில் ஊற்றினார்கள். சில ஊர்களில் தனி கிளாஸ். இரட்டைக் குவளை முறை என்று செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது 1950-ல். உணவகங்களில் பொதுவாக வைத்திருக்கும் பாத்திரத்தைத் தீண்டாமை காரணமாக ஒருவருக்கு மறுப்பது குற்றம் என்று 1955-லேயே தனிச்சட்டமும் வந்துவிட்டது. அதற்கு 29 ஆண்டு கழித்து, 1984-ல், நான் வேலைக்குச் சேர்ந்தேன்.

எந்தக் கடை என்று எழுத மாட்டேன். கடைக்காரரும் இப்போது இல்லை. உள்ளே பெஞ்சு, செய்தித்தாள், பாய்லர், கழுவிக் கவிழ்த்த கண்ணாடி கிளாஸ்கள். வெளியே கூரைச் சரிவின் கீழே ஒரு பலகை, அதன்மேல் நாலைந்து கிளாஸ்கள், அடியில் சிவப்பு பெயிண்ட் பொட்டு. காலனியிலிருந்து வருகிறவர்கள் அதில் ஒன்றைத் தாங்களே எடுத்து, தாங்களே கழுவி நீட்ட வேண்டும். மாஸ்டர் கை படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார். குடித்துவிட்டு மறுபடியும் கழுவிப் பலகையில் கவிழ்த்து வைக்க வேண்டும். அந்த மாணவனின் அப்பா கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, துண்டில் கையைத் துடைத்தபடி என்னைப் பார்த்து "வணக்கம் சார்" என்று சொன்னது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. நானும் பெஞ்சில் உட்கார்ந்தபடியே பதில் வணக்கம் சொன்னேன்.

பாடப்புத்தகத்தின் முன்பக்கத்தில் தீண்டாமை பாவம், குற்றம் என்று அச்சிட்டிருப்பார்களே, அதை ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல் நாள் வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொல்லியிருக்கிறேன். சாயந்திரம் நாலரை மணிக்கு அந்தக் கடைக்குத்தான் போனேன். தலைமையாசிரியர் கூட இருந்தார், ஊரைப் பகைத்துக்கொள்ளக் கூடாது, வயசு 24 என்று எத்தனையோ காரணம் சொல்லலாம். ஆறு வருடம் அந்தக் கடையில் டீ குடித்தேன். ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

தொண்ணூறுகளில் வெள்ளை பிளாஸ்டிக் கப் வந்தது. ஒரு நாள் பார்த்தால் பலகையைக் காணோம், சிவப்புப் பொட்டு கிளாஸைக் காணோம். எனக்கு மகிழ்ச்சி, காலம் தானாகவே மாறிவிட்டது என்று. சில நாள் கழித்துத்தான் கவனித்தேன். பிளாஸ்டிக் கப் வெளியே நிற்பவர்களுக்கு மட்டும். எங்களுக்கு வழக்கம்போலக் கண்ணாடி கிளாஸ். கேட்டால், "புதுக் கப்புதானே சார் கொடுக்கிறோம், இன்னும் சுத்தம்தானே" என்பார். சட்டத்திலும் மாட்டாது. அமெரிக்காவில் நோய்க்கு மருந்தாக வந்த பொருள், எங்கள் கடையில் வேறொரு நோய்க்கு மூடியாகிவிட்டது. இதைப் போனில் பேசும்போது மாணவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அப்பா அப்போ சந்தோஷப்பட்டாரு சார். கழுவுற வேலை மிச்சம்னு."

பிறகு எல்லோருக்கும் பிளாஸ்டிக், எல்லோருக்கும் பேப்பர் என்று ஆனது. கடையில் வேலைக்குப் பையன்கள் கிடைக்கவில்லை. குழந்தைத் தொழிலாளர் ஒழிந்ததில் ஆசிரியனாக எனக்கு மகிழ்ச்சியே, ஆனால் கிளாஸ் கழுவியது அந்தப் பையன்கள்தான் என்பதையும் சொல்ல வேண்டும். நான் எழுதிய "பழைய முறை"யில் இதையும் விட்டுவிட்டேன்.

இனி சுற்றுச்சூழல் கணக்குக்கு வருகிறேன். பேப்பர் கப் வெறும் பேப்பர் இல்லை. வெறும் பேப்பரில் சூடான டீ நிற்காது. உள்பக்கம் மெல்லிய பாலித்தீன் பூச்சு ஒட்டியிருக்கிறது. காகிதத்தையும் பூச்சையும் பிரிப்பது சாதாரணக் காகித ஆலையால் முடியாது. அதனால் பழைய பேப்பர்காரரும் வாங்க மாட்டார், ஆடு மாடும் தின்னக்கூடாது. ஐ.ஐ.டி. காரக்பூர் ஆய்வாளர்கள் 2020-ல் ஒரு சோதனை செய்தார்கள். 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மில்லி நீரைப் பேப்பர் கப்பில் ஊற்றி 15 நிமிடம் வைத்தால், சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் நீரில் கலக்கின்றன என்று கண்டார்கள். அரசியல் பேசாமல் குடித்தால் நம்மூரில் டீ மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும், அது வேறு.

தமிழ்நாடு அரசு இதை முன்பே கவனித்திருந்தது. 2018 ஜூனில் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தபோது, பூச்சு உள்ள பேப்பர் கப்பும் அதில் இருந்தது. நாடு முழுவதும் 2022 ஜூலையில் வந்த தடையில் பிளாஸ்டிக் கப் உண்டு, பேப்பர் கப் இல்லை. நம் மாநிலத் தடையை எதிர்த்து உற்பத்தியாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். பேப்பர் கப்புக்கான தடை செல்லும் என்று 2023 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. இருந்தும் கண்மாய்க்கரையில் கிடந்ததை நீங்களே படத்தில் பார்த்தீர்கள். கடன் வாங்கிப் பேப்பர் கப் இயந்திரம் போட்டு நொடித்துப்போன மாணவி ஒருத்தியும் எனக்கு உண்டு. அவள் இந்தப் பதிவைப் படிப்பாள். உன்னைக் குற்றம் சொல்லவில்லையம்மா.

மாற்று என்றதும் எல்லோரும் மண் குவளை என்கிறார்கள். லாலு பிரசாத் யாதவ் ரயில்வே அமைச்சராக இருந்தபோது, 2004-ல், ரயில்களில் அதைக் கொண்டுவந்தார். குயவர்களுக்கு வேலை, மண் வாசனை, எல்லாம் நல்லதுதான். ஆனால் ஒரு டீக்கு ஒரு குவளை என்றால் அத்தனைக்கும் களிமண் தோண்ட வேண்டும், சூளைக்கு விறகு எரிக்க வேண்டும். சுட்ட மண் மறுபடியும் மண்ணாகக் கரையாது. கரைந்திருந்தால் கீழடியில் ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய பானை ஓடு நமக்குக் கிடைத்திருக்குமா?

எனக்குப் பிடித்த கணக்கு கனடா நாட்டு விக்டோரியா பல்கலைக்கழக வேதியியலாளர் மார்ட்டின் ஹாக்கிங் 1994-ல் போட்டது. ஒரு கண்ணாடிக் குவளையைச் செய்யவும், ஒவ்வொரு முறை கழுவவும் ஆகும் ஆற்றலைப் பேப்பர் கப்போடு ஒப்பிட்டார். 15 முறை பயன்படுத்தினால் கண்ணாடிக் குவளை பேப்பர் கப்புக்குச் சமம் ஆகிவிடுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு முறையும் லாபம்தான். பீங்கான் கோப்பைக்கு 39 முறை. அவர் பாத்திரம் கழுவும் இயந்திரத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. நம்மூர் டீக்கடையில் ஒரு கிளாஸ் 15 முறையைக் காலை எட்டு மணிக்குள் தாண்டிவிடும்.

ஆகவே கண்ணாடி கிளாஸ், எவர்சில்வர் டம்ளர் என்று நான் சொன்ன முடிவில் தவறில்லை. காரணத்தில்தான் தவறு. "பழைய முறை" என்று ஒன்று எல்லோருக்கும் பொதுவாக இருந்ததுபோல எழுதிவிட்டேன். கிளாஸ் திரும்பி வரட்டும், ஒரே அலமாரியிலிருந்து வரட்டும். அத்தோடு நன்றாகக் கழுவவும் வேண்டும். ஒரே வாளித் தண்ணீரில் நூறு கிளாஸை முக்கி எடுத்தால், டேவிசன் நுண்ணோக்கியில் கண்டதைத்தான் நாமும் குடிப்போம். கொரோனாவுக்குப் பிறகு பேப்பர் கப் கேட்டவர்களை நான் கேலி செய்தது உண்டு, அதற்கும் வருந்துகிறேன். தண்ணீரும் வேண்டும். தடை வந்த அதே 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, மக்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். அப்போது கிளாஸ் கழுவச் சொன்னால் யார் கேட்பார்கள்?

கடைசியாக ஒரு அறிவிப்பு. தைப்பொங்கல் விடுமுறையில் நம் பள்ளி முன்னாள் மாணவர் சந்திப்பு நடக்கிறது அல்லவா? பேப்பர் கப் வாங்கிவிடலாம் என்று குழுவில் பேச்சு வந்தது. வேண்டாம் என்று சொல்லி, வாடகைப் பாத்திரக் கடையில் 200 எவர்சில்வர் டம்ளர் பேசி முன்பணமும் கொடுத்துவிட்டேன். எல்லாம் ஒரே மாதிரி டம்ளர். சுடுதண்ணீர்த் தொட்டி ஒன்று, பச்சைத்தண்ணீர்த் தொட்டி ஒன்று போடுகிறோம். கழுவ ஆறு பேர் வேண்டும். முதல் பெயர் என்னுடையது, இன்னும் ஐந்து பெயர் தேவை. அந்த மாணவனிடம் நேற்றுதான் பேசினேன். அப்பாவையும் கூட்டி வருகிறானாம். அவருக்கு எண்பது ஆகப்போகிறது, பெஞ்சு ஒன்று நிழலில் போட்டு வையுங்கள்.

சர்க்கரை போடாத டீ வேண்டுபவர்கள் பொங்கலுக்கு முன்பே எனக்குச் சொல்லிவிடுங்கள்.