முல்தான் முறிச்சீட்டும் கனடா மதிப்பெண்ணும்

ஹிஜ்ரி 734ஆம் ஆண்டு முஹர்ரம் பிறை பிறந்த வேளையில், அதாவது கி.பி. 1333 செப்டம்பரில், மொராக்கோ நாட்டுத் தான்ஜியர் நகரத்தவரான இப்னு பதூதா சிந்து நதியை அடைந்தார். அங்கிருந்து அவர் முல்தான் வந்து சேர்ந்தார். ஆனால், அவர் நினைத்தவுடன் டில்லிக்குப் புறப்பட்டுவிட முடியவில்லை. வந்தவர் யார், அவருடைய கோலம் என்ன, உடன் வந்தோர் எத்தனை பேர் என்பனவற்றையெல்லாம் அதிகாரிகள் எழுதிச் சுல்தான் முகம்மது பின் துக்ளக்கிற்கு அனுப்பினர். விடை வரும்வரை வந்தவர்கள் காத்திருக்க வேண்டும். அத்துடன், இந்நாட்டிலேயே தங்கும் நிய்யத்துடன் வந்தவர்களுக்கே மேற்கொண்டு வழி திறக்கப்பட்டது. இப்னு பதூதா தாம் தங்குவதற்கே வந்ததாகக் கூறினார். உடனே காழியும் சாட்சி எழுதுவோரும் வரவழைக்கப்பட்டனர். அவர் பெயரில் முறிச்சீட்டு எழுதப்பட்டது. உடன் வந்தவருள் சிலரும் எழுதிக் கொடுத்தனர். வேறு சிலர் எழுத மறுத்துவிட்டனர். இச்செய்தியை அவரே தம் பயண நூலில் பதிவு செய்துள்ளார்.

கற்றவரும் தொழில் வல்லவரும் அந்நிய நாட்டில் நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்டு மனுச் செய்வது இக்காலத்துப் புதுமை என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். அஃது ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்கு முன்பே நடந்த காரியம் என்பதற்கு முல்தான் முறிச்சீட்டே சான்றாகும். இப்பழைய வரலாற்றை இப்போது நாம் எடுத்துப் பேசக் காரணம் உண்டு.

ஒரு காகிதமும் ஒரு கேள்வியும்

சென்ற நோன்பு மாதத்தில், நம்மிடம் சிறுவயதில் ஓதிய மாணவர் ஒருவர் தராவீஹ் தொழுகைக்குப் பின் நம்மைக் காண வந்தார். வயது 41. பொறியியல் பட்டதாரி, வளைகுடா நாடொன்றில் பதினைந்து ஆண்டுகளாகப் பணிபுரிபவர். கனடா நாட்டில் திறன் பெற்ற தொழிலாளராக நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்க விழைந்து, தம் தகுதியைத் தாமே கணக்கிட்டு ஒரு காகிதத்தில் எழுதி வந்திருந்தார். பட்டப் படிப்புக்கு 21, ஆங்கிலத் தேர்வுக்கு 20, தொழில் அனுபவத்திற்கு 15, வயதுக்கு 6. ஆக மொத்தம் 62. தேவைப்படுவதோ 100க்கு 67. ஐந்தாண்டுகளுக்கு முன் முயன்றிருந்தால் வயதுக்கு 11 கிடைத்திருக்கும். கணக்கும் சரியாக 67 ஆகியிருக்கும்.

"ஹஜ்ரத், உங்களிடம் படித்தது, காலேஜில் படித்தது, பாலைவனத்தில் உழைத்தது எல்லாம் சேர்ந்தும் நான் ஐந்து மார்க் குறைந்தவன்தானா? வாப்பா முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது" என்றார். அவர் குரல் தழுதழுத்தது. அன்று நாம் அவருக்கு ஆறுதல் கூறி அனுப்பினோமே தவிர, தக்க விடை கூறவில்லை. அவ்விடையை வரலாற்றில் தேடிப் பார்த்தோம். கண்டவற்றை வாசகர் முன் வைக்கின்றோம். ஏனெனில் இக்கேள்வி அவர் ஒருவருடையதன்று. இன்று நம் ஊர்களில் எத்தனையோ வீடுகளில் இதே காகிதம் விரிக்கப்படுகின்றது.

திறமையே குற்றமான காலம்

இன்று தொழில் வல்லவரை மதிப்பெண் இட்டு அழைக்கும் கனடா, ஒரு காலத்தில் அவர்களை எவ்வாறு நடத்தியது என்பதை முதலில் காண்போம்.

சீனர் ஒருவர் அந்நாட்டில் கால் வைக்க 1885இல் 50 டாலர் தலைவரி விதிக்கப்பட்டது. அது 1900இல் 100 டாலராகவும், 1903இல் 500 டாலராகவும் உயர்ந்தது. 1923இல் சீனர் வருகையே ஏறக்குறைய முற்றாகத் தடுக்கப்பட்டது. அத்தடைச் சட்டம் 1947இல்தான் நீங்கியது.

இந்தியரைப் பொறுத்தவரை வேறோர் உபாயம் கையாளப்பட்டது. இந்தியர் பிரிட்டிஷ் பேரரசின் குடிமக்கள் ஆதலால் அவர்களைப் பெயர் சொல்லித் தடுப்பது சங்கடமாயிற்று. எனவே, பிறந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் இறங்காது, ஒரே பயணச் சீட்டில் தொடர்ந்து வருவோர்க்கே அனுமதி என்று 1908இல் ஆணை பிறந்தது. இந்தியாவிலிருந்து நேராகச் செல்ல அத்தகைய கப்பல் வசதியே இல்லாதபடி பார்த்துக்கொண்டனர். அதற்கு மேல், ஆசியர் கையில் 200 டாலர் இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. சட்டத்தில் இந்தியர் என்ற சொல் இல்லை. ஆனால் சட்டம் இந்தியருக்காகவே எழுதப்பட்டது.

இதனினும் வியப்பானது 1913 டிசம்பரில் பிறந்த ஆணை. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் துறைமுகங்களில் கைவினைஞரும், திறன் பெற்றோராயினும் பெறாதோராயினும் தொழிலாளர் எவரும் இறங்கலாகாது என்று அது விதித்தது. எந்தத் திறனுக்கு இன்று மதிப்பெண் உண்டோ, அதே திறன் அன்று கரை இறங்கத் தடையாக இருந்தது.

அந்த ஆணைகளுக்கு இரையானதே கோமகாத்தா மாரு என்னும் கப்பல். குர்தித் சிங் என்பார் வாடகைக்கு அமர்த்திய அக்கப்பல், 376 பயணிகளுடன் 1914 மே 23இல் வான்கூவர் துறைமுகத்தை அடைந்தது. பெரும்பாலோர் சீக்கியர், முஸ்லிம்கள் இருபதுக்கு மேற்பட்டோரும் இந்துக்கள் சிலரும் அதில் இருந்தனர். இரண்டு மாத காலம் கரை கண்ணுக்குத் தெரியக் கப்பலிலேயே வாடினர். முன்ஷி சிங் என்ற விவசாயியின் பெயரில் நடந்த வழக்கும் தோற்றது. ஏற்கெனவே அந்நாட்டில் வாழ்ந்து திரும்பி வந்த சிலரைத் தவிர மற்றவர் ஜூலை 23இல் திருப்பி அனுப்பப்பட்டனர். அக்கப்பல் செப்டம்பர் இறுதியில் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள பட்ஜ் பட்ஜ் வந்தபோது, பிரிட்டிஷ் அரசின் துப்பாக்கிகள் அவர்களை வரவேற்றன. ஏறத்தாழ இருபது பேர் உயிரிழந்தனர். இச்செயலுக்காகக் கனடா நாடாளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2016 மே மாதத்தில். அதாவது 102 ஆண்டுகள் கழித்து.

அளவுகோல் மாறிய வரலாறு

இந்தியா விடுதலை பெற்ற பின்னர் 1951இல் ஓர் ஏற்பாடு வந்தது. ஆண்டொன்றுக்கு இந்தியர் 150 பேர், பாகிஸ்தானியர் 100 பேர், இலங்கையர் 50 பேர் குடியேறலாம். கோடிக்கணக்கான மக்கள் வாழும் நாட்டிற்கு 150 இடங்கள்!

அதன் பிறகே மாற்றம் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாட்டின் ஆலைகளும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் பெருகின; கற்றவரும் தொழில் தெரிந்தவரும் மிகுதியாகத் தேவைப்பட்டனர். ஐரோப்பாவும் செழித்துவிட்டதனால் அங்கிருந்து வருவோரை மட்டும் நம்பியிருக்க இயலவில்லை. 1962இல் எலன் ஃபேர்க்ளோ அம்மையார் குடிவரவு அமைச்சராக இருந்தபோது வெளியான விதிகள், திறன் உடையோரைத் தேர்வதில் இனப்பாகுபாட்டைப் பெரும்பாலும் நீக்கின. 1967 அக்டோபர் முதல் நாளில் மதிப்பெண் முறை நடைமுறைக்கு வந்தது.

அம்முறையில் கல்விக்கும் பயிற்சிக்கும் 20, அதிகாரி நேரில் கண்டு அளிக்கும் மதிப்பீட்டிற்கு 15, தொழிலின் தேவைக்கு 15, தொழில் திறனுக்கு 10, வயதுக்கு 10, உறுதி செய்யப்பட்ட வேலைக்கு 10, ஆங்கில பிரெஞ்சு அறிவுக்கு 10, உறவினர் இருப்பின் 5, செல்லும் இடத்தின் நிலைக்கு 5 என்று 100 மதிப்பெண்கள் பகுக்கப்பட்டன. 50 பெற்றவர் தேறியவர். நிறம் பற்றிய கேள்வி அப்பட்டியலில் இல்லை. பல்லாண்டுக் கால அநீதிக்குப் பின் வந்த இம்மாற்றம் பாராட்டத்தக்கதே. நன்மையை நன்மை என்று கூறாதிருப்பது நீதியன்று.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த அளவுகோல் ஓரிடத்தில் நிற்கவில்லை. 2002இல் புதிய சட்டம் வந்தபோது தேர்ச்சிக்கு 75 வேண்டும் என்றனர். 2003 செப்டம்பரில் அதனை 67 ஆகக் குறைத்தனர். 2013இல் மொழிக்கான மதிப்பெண் 24லிருந்து 28 ஆக உயர்ந்தது. அனுபவத்திற்கானது 21லிருந்து 15 ஆகத் தாழ்ந்தது. அத்திருத்தத்தின்படி 18 முதல் 35 வயதுவரை 12 மதிப்பெண். அதற்கு மேல் ஆண்டுக்கு ஒன்றாகக் குறைந்து 47இல் ஒன்றுமில்லை. 2015 ஜனவரியில் தொடங்கிய முறையோ 67 பெற்றவரையும் உடனே அழைப்பதில்லை. அவர்களை 1200 மதிப்பெண் கொண்ட வேறொரு கணக்கால் வரிசைப்படுத்தி, மேலே நிற்பவரை மட்டும் அழைக்கின்றது.

காத்திருந்தோர் நிலையும் ஒன்று உண்டு. மனுக்கள் மலைபோல் குவிந்துவிட்டன என்று கூறி, 2008 பிப்ரவரி 27க்கு முன் விண்ணப்பித்து முடிவு பெறாதிருந்தோரின் மனுக்களை 2012இல் சட்டம் இயற்றியே முடித்து வைத்தனர். குடும்பத்தாரையும் சேர்த்து ஏறத்தாழ 2,80,000 பேர் அதனால் பாதிக்கப்பட்டனர். கட்டிய பணம் திரும்பக் கிடைக்க வழி செய்யப்பட்டது. காத்திருந்த ஆண்டுகளை யார் திருப்பித் தர இயலும்? அம்மனுதாரர் கற்ற கல்வி ஒரே நாளில் குறைந்துவிடவில்லை. நாட்டின் தேவையும் நிர்வாக வசதியும் மாறின; அவ்வளவே.

கணக்கில் வராதவர்கள்

மதிப்பெண் என்பது மனிதனை அளப்பதன்று, அழைக்கும் நாட்டின் தேவையை அளப்பது என்பதற்கு அந்நாட்டிலேயே சான்று உண்டு. கனடாவின் முதல் பள்ளிவாசல் எட்மண்டன் நகரில் 1938 டிசம்பரில் திறக்கப்பட்ட அல் ரஷீத் பள்ளிவாசலாகும். அதனை எழுப்பியோர், லெபனான் சிரியா பகுதிகளிலிருந்து சென்று, தலைச்சுமை வியாபாரமும் சிறு கடைகளும் தோல் வாணிபமும் செய்து பிழைத்த எளிய மக்கள். ஹில்வி ஹம்தான் என்னும் பெண்மணி முன்னின்று நகர மேயரிடம் நிலம் கேட்டார். பெண்கள் கடை கடையாக ஏறி நன்கொடை திரட்டினர். முஸ்லிமல்லாதாரும் மனமுவந்து ஈந்தனர். திருக்குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்த்த அப்துல்லா யூசுப் அலி அவர்கள் அத்திறப்பு விழாவில் கலந்து கொண்டார்கள். பட்டமோ தேர்வுச் சான்றோ இல்லாத அந்த மூதாதையருள் எத்தனை பேர் இன்றைய கணக்கில் 67 பெறுவர்? அந்நகரில் இன்று இறங்கும் பட்டதாரி முஸ்லிம், அவர்கள் தொடங்கி வைத்த ஜமாஅத்தில்தான் போய் நிற்கின்றார்.

1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த ஈழத் தமிழர் 155 பேரை அங்குள்ள மீனவர் கரை சேர்த்தனர். அவர்களிடமும் எவரும் மதிப்பெண் கேட்கவில்லை.

முல்தானிலும் இதுவே நடந்தது

இப்னு பதூதாவுக்கு மீண்டும் வருவோம். முகம்மது பின் துக்ளக் தம் அரசின் பதவிகளுக்கு வெளிநாட்டாரையே பெரிதும் விரும்பினார். அவர்களை அந்நியர் என்று அழைத்தால் மனம் நோகும் என்று கருதி, அன்பர் எனப் பொருள்படும் அரபுச் சொல்லால் அழைக்குமாறு ஆணையிட்டார். இப்னு பதூதாவை ஆண்டுக்கு 12,000 தீனார் ஊதியத்தில் டில்லியின் காழியாக்க முன்வந்தார். அவர் மாலிகி மத்ஹபினர். நாடோ ஹனபி மத்ஹபைப் பின்பற்றுவது. அந்நாட்டு மொழியும் தமக்குத் தெரியாதென்று அவரே கூறினார். சுல்தானோ துணைக்கு இருவரை நியமித்துத் தருவதாகக் கூறிக் குறையைத் தீர்த்து வைத்தார். தேவை என்று அரசர் எண்ணிய போது மொழித் தேர்வு கூடத் தேவைப்படவில்லை! பின்னர் அதே அரசரின் சந்தேகத்திற்கு ஆளாகிக் காவலில் வைக்கப்பட்டதும் அவரேதான். நிரந்தரமாகத் தங்குவேன் என்று எழுதிக் கொடுத்தவர் பத்தாண்டு நிறைவதற்குள் டில்லியை விட்டு வெளியேறினார். மாலத்தீவில் காழியாக இருந்தார். நம் தமிழ்க் கரையாகிய மஃபருக்கும் மதுரைக்கும் வந்து போனார். 12,000 தீனார் பெற்றபோதும் காவலில் இருந்தபோதும் அவர் கற்ற இல்மு ஒன்றே.

எனவே நம் மாணவருக்கும், அவரைப் போன்றோர்க்கும், அவர்தம் பெற்றோர்க்கும் நாம் கூற விரும்புவது இது. 62 என்பது உங்கள் விலையன்று. பதினைந்து ஆண்டுகளில் நீங்கள் பேசக் கற்ற அரபிக்கு அக்கணக்கில் இடமில்லை. தாய்மொழியாகிய தமிழுக்கும் இடமில்லை. அனுப்பிய பணத்தில் இரு தங்கைகளைக் கரையேற்றியதற்கு இடமில்லை. அவை அந்நாட்டின் தேவைகளல்ல, ஆகவே கேட்கப்படவில்லை. அதனால் அவை சிறியவையாகிவிட மாட்டா. 67ஐத் தாண்டியவரும் தம்மை உயர்ந்தவராக எண்ணிக் கொள்வதற்கில்லை. அடுத்த திருத்தத்தில் அதே மனிதர் குறைந்தவராகலாம். ஐந்து மதிப்பெண்ணுக்காகப் பொய்யான அனுபவச் சான்று தேடுவோரும் உளர். அது கண்டுபிடிக்கப்பட்டால் ஐந்தாண்டுக் காலம் விண்ணப்பிக்கவே தடை வரும் என்பதோடு, சாட்சியத்தில் பொய் கலந்த பாவமும் தலைமேல் ஏறும்.

இதனை எழுதி முடிக்கும் தறுவாயில் அவர் மீண்டும் வந்தார். கணக்கில் தாம் பாராத ஒன்றை அவர் மனைவி கண்டுபிடித்தாராம். துணைவியும் ஆங்கிலத் தேர்வெழுதி அடிப்படைத் தேர்ச்சி பெற்றால் 5 மதிப்பெண் உண்டு. 62 அப்போது 67 ஆகும். பத்தாம் வகுப்புடன் படிப்பு நிறுத்தப்பட்ட அப்பெண்மணி, இப்போது பிள்ளைகள் உறங்கிய பின் ஆங்கிலம் படிக்கின்றாராம். அழைப்பு வருமோ வராதோ, அல்லாஹ்வே அறிவான். அந்தப் படிப்பு மட்டும் அந்த வீட்டில் தங்கும்.

முல்தானில் முறிச்சீட்டு எழுத மறுத்தோரும் இருந்தனர் என்றோம். எழுதியவரையும் எழுதாதவரையும் ஒரே வரியில் குறித்துச் செல்லும் இப்னு பதூதா, அவர்களுள் எவரையும் குறைவாகப் பேசவில்லை.